விழுந்து எழுந்த பிறகு: பழைய மவுண்டன் பைக்கை மேம்படுத்துவதா, புதிது வாங்குவதா, உடம்புக்குச் செலவழிப்பதா?

காறை எலும்போ மணிக்கட்டோ உடைந்து வீட்டில் இருப்பவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. மறுபடி ஓட்டத் தொடங்குவதற்குள் சைக்கிளை மாற்றிவிடலாமா? மூன்று நான்கு வருடம் உழைத்த ஹார்ட்டெயில் (முன்சக்கரத்துக்கு மட்டும் ஷாக் உள்ள சைக்கிள்) சுவரில் சாய்ந்து நிற்கும். கையில் ஸ்லிங்கை மாட்டிக்கொண்டு, தூக்கம் வராத இரவில் புது ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் கவை), புது பிரேக், ஃபுல் சஸ்பென்ஷன் (இரண்டு சக்கரத்துக்கும் ஷாக் உள்ள சைக்கிள்) என்று ஃபோனில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். காறை எலும்பு உடைந்த ஆறு வாரமும் நானும் அதைத்தான் செய்தேன். அப்போது எடுத்த முடிவுகளில் பாதி தவறு என்பது மறுபடி தடத்துக்குப் போன பிறகுதான் புரிந்தது.

மூன்று வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். பழைய சைக்கிளிலேயே பாகங்களை மாற்றுவது ஒன்று. ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் வாங்குவது இன்னொன்று. சைக்கிளைத் தொடாமல் பணத்தையும் நேரத்தையும் உடம்புக்கும் பயிற்சிக்கும் கொடுப்பது மூன்றாவது. மோட்டார் வைத்த சைக்கிள் பற்றியும் பலர் கேட்பதால் அதையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, ஏன் விழுந்தீர்கள் என்பது. பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "வேர் தடுக்கியது", "சரளைக்கல் சறுக்கியது" என்பது விழுந்த இடம்தான், காரணம் இல்லை.

நான் விழுந்தது ஒரு நீண்ட இறக்கத்தின் கடைசி வளைவில். முன்சக்கரம் சறுக்கியது, தோள் தரையில் மோதியது. ஃபோர்க் சரியில்லை, குலுக்கிக் குலுக்கிச் சக்கரத்தைத் தரையில் நிற்கவிடவில்லை என்று வாரக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்லிங்கைக் கழற்றிய அன்று சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நிதானமாகப் பார்த்தேன். முன் டயரின் ஓரக் கட்டைகள் தேய்ந்து உருண்டையாகிவிட்டிருந்தன. வளைவில் சாயும்போது மண்ணைப் பிடிப்பவை அவைதான். பிரேக் பேடில் மிஞ்சியிருந்தது நகக்கனம். உராயும் பகுதி தேய்ந்து அரை மில்லிமீட்டர் மட்டும் மிஞ்சினாலே பேடை மாற்றிவிட வேண்டும். நான் அதையும் தாண்டி ஓட்டியிருக்கிறேன். பிரேக்கை இரண்டு விரலால் இறுக்கி இறுக்கி முன்னங்கை மரத்துப்போய், வேகத்தைக் குறைக்க முடியாமல்தான் அந்த வளைவுக்குள் நுழைந்திருக்கிறேன். ஃபோர்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது, உங்கள் உடம்பு இப்போது எதைத் தாங்கும் என்பது. விழுவதற்கு முன் இருந்த உடம்பை வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

மூன்றாவது, உங்கள் ஃப்ரேம் எதை ஏற்றுக்கொள்ளும் என்பது. இதில் பணம் கரையும் இடங்கள் நிறைய. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நான்காவது, வாங்கிய பிறகு ஆகும் செலவு. சர்வீஸ், தேயும் பாகங்கள், உங்கள் நேரம் எல்லாம் இதில் சேரும்.

கடைசியாக, எந்த மாதிரித் தடத்தில், வாரத்தில் எத்தனை தடவை ஓட்டுகிறீர்கள் என்பது. நினைப்பில் ஓட்டும் தடம் கணக்கில் வராது. போன ஆறு மாதத்தில் உண்மையில் எங்கே ஓட்டினீர்கள் என்று பாருங்கள்.

## வழி 1: பழைய சைக்கிளிலேயே பாகங்களை மாற்றுவது

இதில் வரிசை முக்கியம். கடைக்குப் போனால் எல்லோருக்கும் கண்ணில் படுவது ஃபோர்க். என் வரிசையில் அது கடைசி.

முதலில் டயர். தரையைத் தொடுவது அது ஒன்றுதான். நல்ல பிடிப்புள்ள, 2.3 அல்லது 2.4 அங்குல அகல டயரை முன்னால் போட்டாலே சைக்கிளின் குணம் மாறிவிடும். ரிம் ஒத்துழைத்தால் ட்யூப்லெஸ் ஆக்கிவிடுங்கள். ட்யூப் இருந்தால் காற்றைக் குறைக்கும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் அது நசுங்கி இரட்டை ஓட்டை விழும். ட்யூப்லெஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லாததால், நடுத்தர எடையுள்ளவர் 20 முதல் 25 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்டலாம். டயர் கல்லின் மேல் படிந்து போகும், கைக்கு வரும் அதிர்வும் குறையும். உடைந்து சேர்ந்த மணிக்கட்டுக்கு இது பெரிய ஆறுதல். ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். வெயில் அதிகமான இடத்தில் இன்னும் சீக்கிரம் காயும்.

அடுத்தது பிரேக். இந்த விளையாட்டு பிறந்த நாளிலிருந்தே பிரேக்தான் அதன் பெரிய கவலை. 1976 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் மரின் கவுன்ட்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊரை ஒட்டிய ஒரு மண்பாதையில் நண்பர்கள் சிலர் பழைய கனத்த சைக்கிள்களில் இறக்கப் போட்டி வைத்தார்கள். ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் இருந்த பிரேக்கின் சூட்டில் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரித்துக் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இன்றைக்கு ஹைட்ராலிக் டிஸ்க் இருக்கிறது. ஆனாலும் நீண்ட இறக்கத்தில் சூடும் கைவலியும் அப்படியேதான் இருக்கின்றன.

புது பிரேக் வாங்கும் முன் பேடை மாற்றுங்கள், ஆயிலை மாற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். ஆயிலில் கவனம் வேண்டும். சில பிரேக்குகளுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டு பிரேக்கே போய்விடும். பிறகு டிஸ்க்கின் அளவு. 160 மில்லிமீட்டரிலிருந்து 180க்குப் போனால் அதே விரல் அழுத்தத்துக்குச் சுமார் எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடி கிடைக்கும். சூடும் மெதுவாகத்தான் ஏறும். உங்கள் ஃபோர்க் எந்த அளவு வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் குறித்திருப்பார், பார்த்துக்கொள்ளுங்கள். காசே ஆகாத வேலையும் ஒன்று உண்டு. பிரேக் லீவரில் ஒரு சின்ன திருகு இருக்கும். அதைத் திருப்பினால் லீவர் கைப்பிடிக்கு நெருங்கி வரும். மணிக்கட்டு அடிபட்டு விரலை முழுக்க நீட்ட முடியாதவர்கள், ஒரு விரலில் எட்டிப் பிடிக்கும் அளவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ட்ராப்பர் சீட் போஸ்ட். செங்குத்தான இறக்கத்தில் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்பட்டு விழுந்தவரா நீங்கள்? இதை முதலிடத்துக்கே கொண்டு வாருங்கள். சீட் உயரமாக நின்றால் இடுப்பைக் கீழே இறக்க இடம் கிடைக்காது. ட்ராப்பர் இருந்தால் கட்டைவிரலால் ஓர் அழுத்து, சீட் கீழே போய்விடும். ஃப்ரேமின் சீட் குழாய் உள்விட்டம் 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டரில் எது என்று அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.

அப்புறம் ஃபோர்க். பழைய ஃப்ரேம்களில் ஃபோர்க்கின் தண்டு நுழையும் தலைக்குழாய் மேலிருந்து கீழ் வரை ஒரே அகலத்தில், ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவான தண்டுக்கு ஏற்றபடி இருக்கும். இன்றைய நல்ல ஃபோர்க்குகளின் தண்டு கீழே ஒன்றரை அங்குலத்துக்கு விரியும். அது உள்ளேயே போகாது. போனாலும் சிக்கல் தொடரும். புது ஃபோர்க்கின் அச்சு 15 மில்லிமீட்டர் தடிமன், 110 மில்லிமீட்டர் அகலம். உங்கள் முன் ஹப் பழைய 100 மில்லிமீட்டர். அப்படியானால் முன்சக்கரத்தையும் மாற்ற வேண்டும். ஃபோர்க்கின் நகர்வை (அது அமுங்கும் தூரத்தை) 100லிருந்து 120 மில்லிமீட்டராகக் கூட்டினால் தலைக்கோணம், அதாவது தலைக்குழாய் தரையோடு சேரும் கோணம், சுமார் ஒரு டிகிரி சாயும். இறக்கத்தில் அது நல்லதுதான். ஆனால் ஃப்ரேம் தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்டினால் வாரண்டி போய்விடும், தலைக்குழாய் வெல்டிங்கில் விழும் சுமையும் கூடும்.

கியர் விஷயமும் இதே கதை. பின்சக்கரத்தில் 12 பல்சக்கர கேசட் ஆசைப்பட்டால் அதோடு செயின், செயினை நகர்த்தும் டீரெய்லர், ஷிஃப்டர் வரும், பல சமயம் பின் ஹப்பில் கேசட் உட்காரும் ஃப்ரீஹப் உடலும் மாற வேண்டியிருக்கும். ஒன்றை மாற்றப்போய் ஐந்தை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். மொத்தத்தைக் கூட்டினால் புது ஹார்ட்டெயிலே வந்திருக்கும். கியர் மாறாததால் யாரும் எலும்பை உடைத்துக்கொள்வதில்லை. இருக்கிறது ஓடும்வரை ஓடட்டும், செயின் தேய்மானத்தை மட்டும் அளந்து நேரத்துக்கு மாற்றுங்கள்.

ஃப்ரேம் உங்கள் அளவுக்குச் சரியாக இருந்து, விழுந்ததற்குக் காரணம் டயர், பிரேக், சீட் உயரம் இவற்றில் ஒன்றாக இருந்தால் இந்த வழிதான் சரி. ஆனால் இந்த மூன்றையும் முடித்த பிறகும் ஃபோர்க், சக்கரம், கியர் என்று பட்டியல் நீண்டால் அங்கே நிறுத்திவிட்டு அடுத்த வழியைப் பாருங்கள்.

## வழி 2: ஃபுல் சஸ்பென்ஷன் வாங்குவது

பின்சக்கரத்துக்கும் ஷாக் இருந்தால் கிடைக்கும் உண்மையான லாபம் களைப்பு குறைவது. வேரும் கல்லும் நிறைந்த தடத்தில் இரண்டு மணி நேரம் ஹார்ட்டெயிலில் நின்றபடி ஓட்டினால் முழங்காலும் இடுப்பும் வாங்கும் அடி கொஞ்சமல்ல. களைத்த உடம்பு கடைசி அரைமணி நேரத்தில்தான் தப்பு செய்கிறது. முதுகு அடிபட்டவர்களுக்கும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் இந்த ஒரு காரணமே போதும்.

புது சைக்கிளில் இன்னொன்றும் சேர்ந்து வருகிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஃப்ரேமின் கோணங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் முந்தைய ஹார்ட்டெயில்களில் தலைக்கோணம் 69 முதல் 71 டிகிரி வரை இருக்கும். இன்றைய ட்ரெயில் சைக்கிள்களில் 64 முதல் 66. முன்சக்கரம் உடம்புக்கு நன்றாக முன்னால் தள்ளி நிற்பதால், செங்குத்து இறக்கத்தில் தலைகுப்புற விழும் பயம் வெகுவாகக் குறைகிறது. இந்தக் குணம் ஷாக்கால் வருவதில்லை, ஃப்ரேமால் வருவது. அதனால் நடுவில் ஒரு வழி திறக்கிறது. புதிய கோணங்களோடு வரும் ஹார்ட்டெயில். கரடுமுரடு குறைந்த தடத்தில் ஓட்டுபவர்கள் அதை வாங்கினால் ஃபுல் சஸ்பென்ஷனின் நன்மையில் பெரும்பகுதி கிடைக்கும், அதன் பராமரிப்புத் தொல்லை இருக்காது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

பராமரிப்பு என்றேன். ஃபோர்க்கின் கீழ்க்கால்களைச் சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைத்து ஆயில் மாற்ற வேண்டும். ஃபுல் சஸ்பென்ஷனில் பின் ஷாக்குக்கும் இதேபோல ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் இணைப்புகளில் இருக்கும் பேரிங்குகள். சேற்றில் ஓட்டி, வேகமான தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுபவர்களுக்கு அவை சீக்கிரம் துருப்பிடித்துக் கரகரக்கும். வாரம் இரண்டு தடவை ஓட்டினால் வருடத்தில் சில நாட்கள் சைக்கிள் பணிமனையில்தான் இருக்கும்.

செட்டிங்கும் உங்கள் பொறுப்பு. சைக்கிளில் ஏறி நின்றால் பின் ஷாக் தன் நகர்வில் 25 முதல் 30 சதவீதம் அமிழ வேண்டும். முன்னால் 15 முதல் 20. காயத்துக்குப் பிறகு எடை கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ பழைய காற்றழுத்தம் பொருந்தாது. ஷாக்குக்கான தனிப் பம்பும் வாங்க வேண்டும்.

நான் கவலைப்படும் இடம் வேறு. ஃபுல் சஸ்பென்ஷன் தடத்தை மழமழவென்று காட்டும். அதே திறமையில் வேகம் கூடும். காரணத்தைச் சரிசெய்யாமல் சைக்கிளை மட்டும் மாற்றினால், முன்பு மணிக்கு 20 கிலோமீட்டரில் விழுந்தவர் அடுத்த தடவை 30ல் விழுவார்.

பழசு வாங்குவதாக இருந்தால் சில இடங்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஃபோர்க்கின் பளபளக்கும் தண்டுகளில் நகத்தை ஓட்டினால் கீறல் தட்டக்கூடாது. சீட்டைப் பிடித்து மேலும் கீழும் மெதுவாகத் தூக்கினால் பின்பக்கத்தில் 'டக்' என்று ஆட்டம் கேட்கக்கூடாது, கேட்டால் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் மயிரிழை போல வெடித்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். கார்பன் ஃப்ரேம் அடி வாங்கியிருந்தால் அது வெளியே தெரியாமலும் இருக்கும். கடைசியாக ஷாக் எப்போது சர்வீஸ் ஆனது என்று கேளுங்கள். பதில் இழுத்தால் அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 3: உடம்புக்கும் பயிற்சிக்கும்

இதில் கண்ணுக்குத் தெரியும் பொருள் எதுவும் வீட்டுக்கு வராது. அதனாலேயே தள்ளிப்போடுகிறோம்.

பெரியவர்களுக்குக் காறை எலும்பு சேரப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகும். வலி அதற்கு முன்பே போய்விடும், ஏமாறுவது அங்கேதான். எக்ஸ்ரேயும் மருத்துவரும் சரி என்று சொல்லும்வரை தடம் வேண்டாம். எலும்பு சேர்ந்தாலும் அத்தனை நாள் அசையாமல் இருந்த தோள் இறுகியிருக்கும், சதை வற்றியிருக்கும். பிசியோதெரபியைப் பாதியில் விடுபவர்கள் இந்தக் கட்டத்தில்தான் விடுகிறார்கள். தட்டு வைத்து அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். முதுகுப்பையின் பட்டை சரியாக அந்தத் தட்டின் மேல்தான் உட்காரும், தோல் உரசி எரியும். தண்ணீரை இடுப்புப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

கை ஊன்றி விழுந்தவர்கள் கட்டைவிரலை விரித்துப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு குழி விழும். அங்கே அழுத்தி வலித்தால் முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். ஸ்கேஃபாய்ட் என்ற சின்ன எலும்பின் விரிசல் முதலில் படத்தில் தெரியாமல் போவது உண்டு. 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் பெரும்பாலும் ஒரு முனையிலிருந்து போவதால், கவனிக்காமல் விட்டால் மறுமுனை பட்டுப்போகக்கூடும். சுளுக்கு என்று நினைத்து மாதக்கணக்கில் ஓட்டினால் மணிக்கட்டுக்கே ஆபத்து.

தலையில் அடிபட்டவர்கள் விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெதுவான நடை, பிறகு நிலையான சைக்கிளில் மிதிப்பது என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள். தலைவலியோ குமட்டலோ கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். மருத்துவர் அனுமதிக்காமல் தடத்துக்குப் போகவே கூடாது. முதல் அடி ஆறாத மூளைக்கு இரண்டாவது அடி மிக ஆபத்தானது. ஹெல்மெட்டையும் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் நுரை ஒரு தடவை நசுங்குவதற்குத்தான் செய்யப்பட்டது. மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இந்தச் செலவு கட்டாயம்.

பயிற்சி என்றால் பெரிய வகுப்புதான் வேண்டும் என்றில்லை. புல்தரையில் இரண்டு பாட்டில்களை வைத்து எட்டுப் போடுவது, ஒரு கோட்டுக்குள் நிற்கும்படி முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பழகுவது, வெளிப்பக்க மிதியைக் கீழே வைத்து வளைவது. நான் பத்து வருடமாகப் பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டியவன். முன் பிரேக்கை நம்பக் கற்றுக்கொண்டது காயத்துக்குப் பிறகு அந்தப் புல்தரையில்தான். தெரிந்தவரிடம் ஒரு நாள் கற்றுக்கொள்ள வாய்த்தால் ஒரு புது ஃபோர்க்கைவிட அது மேல் என்பேன்.

## மோட்டார் வைத்தது

ஏற்றத்தில் மூச்சும் முழங்காலும் தாங்காதவர்களுக்கு இது வரம். நண்பர்களோடு சேர்ந்து போகலாம், இறக்கத்துக்குத் தெம்பு மிஞ்சும். ஆனால் பல மாடல்கள் 20 கிலோவைத் தாண்டும். தோள் அடிபட்டவர் அதைக் கார் மேல் தூக்கி வைக்க முடியுமா, தடத்தில் விழுந்து கிடந்தால் நிமிர்த்த முடியுமா என்று பார்க்க வேண்டும். பேட்டரி பழசாகும், மாற்றுச் செலவு உண்டு. சில தடங்களில் அனுமதியும் கிடையாது.

## ஒரே பார்வையில்

| | பாகங்களை மாற்றுவது | ஃபுல் சஸ்பென்ஷன் | உடம்பும் பயிற்சியும் |
|---|---|---|---|
| எந்த விழுகைக்குப் பொருந்தும் | டயர் சறுக்கல், கை மரத்து பிரேக் பிடிக்க முடியாமை, சீட் உயரத்தால் தலைகுப்புற விழுதல் | கரடுமுரடில் களைத்து விழுதல், பழைய கோணங்களால் இறக்கத்தில் கவிழ்தல் | வேகக் கணிப்புத் தவறு, வளைவில் தடுமாற்றம், பயத்தில் உறைதல் |
| முதல் செலவு | குறைவு, ஃபோர்க் தொட்டால் கூடும் | மிக அதிகம் | குறைவு |
| மறைந்திருக்கும் செலவு | ஒன்றோடு ஒன்று பொருந்தாத பாகங்கள் | ஷாக், பேரிங் சர்வீஸ், கூடும் வேகம் | பல மாதப் பொறுமை |
| எப்போது பலன் தெரியும் | முதல் நாளே | செட்டிங் முடிந்ததும் | சில மாதங்களில் |

## எப்போது முடிவெடுப்பது

ஸ்லிங் மாட்டியிருக்கும்போது எதையும் வாங்காதீர்கள், ஹெல்மெட்டைத் தவிர. அப்போது நமக்கு வேண்டியிருப்பது "இனி விழமாட்டேன்" என்ற உறுதி. அதை எந்தப் பெட்டியும் கொண்டுவராது. நான் அந்த நாட்களில் ஆர்டர் போட்ட அகலமான ஹேண்டில்பார் குணமாகி வந்த தோளுக்குப் பொருந்தவே இல்லை. இருபுறமும் வெட்டிக் குறைத்த பிறகுதான் வலி விட்டது.

மருத்துவர் அனுமதி கொடுத்ததும் டயரையும் பேடையும் மட்டும் மாற்றிக்கொண்டு எளிய தடத்தில் பத்துத் தடவை ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் இரண்டு வரி எழுதி வையுங்கள். முதலில் வலித்தது எந்த இடம்? எந்த இடத்தில் பிரேக்கை அநாவசியமாகப் பிடித்தேன்? சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையில் நரம்பு நசுங்குகிறது, கைப்பிடியையும் ஹேண்டில்பார் உயரத்தையும் பார்க்க வேண்டும். கீழ்முதுகு கடைசியில் பிடித்துக்கொண்டால் ஃபுல் சஸ்பென்ஷன் பக்கம் சாயலாம். வலியே இல்லாமல் குறிப்பிட்ட வளைவுகளில் மட்டும் உடம்பு விறைத்தால் புல்தரைக்குத் திரும்புங்கள். பத்தாவது தடவை முடிந்ததும் அந்த இருபது வரிகளையும் ஒன்றாகப் படித்துவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள். அதுவரை பழைய சைக்கிளை விற்காதீர்கள்.